தண்ணீர்தான் வருகிறது, சரி. அது எங்கே போகிறது?

போன ஞாயிறு நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். என் கமெண்டுக்கு வந்த கேலியின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே நான்கு பேர் அனுப்பி, "அண்ணே, இது உங்களையா?" என்று கேட்டார்கள். ஆமாம், என்னைத்தான்.

ஹைட்ரஜன் கார் பற்றி ஒரு தம்பி முகநூலில் போட்ட காணொளியில் ஆரம்பித்தது எல்லாம். அதில் அவர் என்ன செய்தார்? ஹைட்ரஜன் காரின் பின்னால் குனிந்து, குழாயில் சொட்டுவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஒரு மடக்கு குடித்துக் காட்டினார். "புகையே இல்லை மக்களே, வெறும் தண்ணி!" நான் கீழே எழுதியது இது: "நல்லது தம்பி. மைனஸ் 30ல் இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" அவ்வளவுதான். அதற்கு வந்த முதல் பதில், "பெட்ரோல் கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான் பெருசு?" முந்நூற்றுச் சொச்சம் பேர் சிரித்திருக்கிறார்கள்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். "முகநூல்ல எவனோ சொன்னதுக்கு ஏன் தூங்காம கெடக்கீங்க" என்றாள் மனைவி. அவள் சொல்வது சரிதான். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் இருக்கும் எட்மண்டன், கனடாவில் எண்ணெய்க்குப் பேர்போன ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கிறது. அதனால் நானும் எண்ணெய்க்காரன் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. என் வேனுக்குப் பெட்ரோல் போட்ட ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று விருப்பமுள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வியைத் திரும்பவும் வைக்கிறேன். ஹைட்ரஜன் வண்டி தண்ணீர் விடுகிறது, சரி. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

ஒரு கிலோ ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஒன்பது கிலோ தண்ணீர். பள்ளிக்கூடக் கணக்கு. டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரின் இரண்டாம் தலைமுறையில் முழு டாங்க் 5.6 கிலோ. அது தீர்வதற்குள் ஐம்பது லிட்டர் தண்ணீர் வந்திருக்கும். சென்னையில் வீட்டு வாசலில் இறக்குகிற 20 லிட்டர் கேன் இரண்டரை. அறுநூறு கிலோமீட்டருக்குப் பரவி விழுவதால் ஒரு காருக்கு இது பெரிய விஷயமில்லை என்றே வைத்துக்கொள்வோம். நகரப் பேருந்தை எடுங்கள். நூறு கிலோமீட்டருக்கு எட்டு கிலோ ஹைட்ரஜன் என்று வைத்து, நாளுக்கு 250 கிலோமீட்டர் ஓடினால் 180 லிட்டர். அதில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும், ஒத்துக்கொள்கிறேன். மீதி? பேருந்து தினமும் அதே நிறுத்தத்தில், அதே அடையாளத்தில்தான் நிற்கும். அங்கே ஏற இறங்க நிற்பவர்கள் கார் இல்லாதவர்கள், கைத்தடிக்காரர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்கள். டம்ளரில் பிடித்துக் குடிக்கிற கூட்டம் அங்கே நிற்பதில்லை.

"பெட்ரோல் காரும்தான் தண்ணீர் விடுகிறது, அது தெரியுமா?" என்று ஒரு தம்பி பெரிய விஞ்ஞானி போலக் கேட்டிருந்தார். தெரியும் தம்பி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தண்ணீர் வரும். நூறு கிலோமீட்டருக்கு ஏழெட்டு லிட்டர் குடிக்கிற காரும், மிராயும் தண்ணீர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் பெட்ரோல் புகை நல்ல சூட்டோடு ஆவியாக வெளியேறுகிறது. ஹைட்ரஜன் வண்டியில் இருப்பது ஃபியூவல் செல், ஹைட்ரஜனை எரிக்காமல் ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கிற கருவி. அது வேலை செய்வதே 60லிருந்து 80 டிகிரிக்குள். அதன் தண்ணீரில் நல்ல பங்கு குழாயை விட்டு வரும்போதே சொட்டாக வருகிறது. ஆவி காற்றோடு போகும். சொட்டு கீழே விழும்.

இன்னொன்று. பெட்ரோல் புகையே இங்கே என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மைனஸ் 30க்குக் கீழே போனால் சிக்னல்களில் வண்டிகள் நின்று நின்று விடும் ஆவி தரையில் படிந்து, கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமாக உறையும். பிளாக் ஐஸ் என்பார்கள். உப்பு போட்டாலும் அந்தக் குளிரில் அது வேலை செய்யாது, மண்ணும் பொடிக்கல்லும்தான் தூவ வேண்டும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் ஊரில் வண்டிப்புகையும் மின்நிலைய ஆவியும் காற்றிலேயே பனித்துகளாகி ஊரையே மூடிக்கொள்ளும். கார்ல் பென்சன் என்ற அலாஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1960களிலேயே இதை உட்கார்ந்து அளந்து எழுதிவைத்துவிட்டார். அவருக்கும் பெட்ரோல் கம்பெனி காசு கொடுத்ததா என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். "இவனும் விடுகிறான்" என்பது என் கேள்விக்குப் பதிலே இல்லை. இருக்கிற சிக்கலோடு இன்னொன்று சேர்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அடுத்த கட்சி, "கம்பெனிக்காரன் இதெல்லாம் யோசிக்காமலா இருப்பான்?" இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் யோசித்திருக்கிறார்கள். ரொம்ப நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். ஃபியூவல் செல்லுக்குள் இருக்கிற சவ்வு ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும், காய்ந்தால் போச்சு. அந்த ஈரமே இரவில் உறைந்தால் ஒன்பது சதவீதம் உப்பி உள்ளே இருக்கிற மெல்லிய அடுக்குகளைக் கிழிக்கும். காயவும் கூடாது, நனைந்து கிடக்கவும் கூடாது. அதனால் வண்டியை அணைத்த பிறகும் காற்றை ஊதி, உபரித் தண்ணீரை மட்டும் வெளியே தள்ளுகிறார்கள். காலையில் கிளப்பும்போது வேண்டுமென்றே காற்றைக் குறைத்து, செல்லைத் திறன் குறைவாக ஓடவிட்டு, வீணாகிற சக்தியை வைத்தே அதைச் சூடேற்றுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை, தொப்பி கழற்றலாம். ஹோண்டா 2003லேயே மைனஸ் 20ல் கிளம்புகிற செல்லைக் காட்டியது. டொயோட்டா மிராயை எங்கள் வடக்கே யெல்லோநைஃப் வரை கொண்டுபோய் மைனஸ் 30ல் வெளியே நிறுத்திவைத்துக் கிளப்பிப் பார்த்தது. ஓட்டுநர் முன்னால் எச்2ஓ என்று ஒரு பொத்தானே வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் தேங்கிய தண்ணீர் கொட்டிவிடும்.

எங்கே கொட்டும்? நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே.

இதைத்தான் சொல்ல வந்தேன். வண்டிக்குள் இருக்கும் தண்ணீருக்காக அவ்வளவு மூளையைச் செலவழித்தார்கள். வெளியே விழுந்த நொடியிலிருந்து அது யாருடைய தண்ணீர்? வண்டிக்காரர் "என் வண்டி கிளம்பிவிட்டது" என்று போய்விடுவார். அடுத்து அந்த இடத்தில் கால் வைப்பவர் யாரோ.

எனக்கு இது எப்படித் தெரியும்? நான் ஃபர்னஸ் வேலை செய்கிறவன். இங்கே வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு அடுப்பு. இப்போது வருகிற ஃபர்னஸ்கள் புகையிலுள்ள ஆவியையும் குளிரவைத்து அதிலுள்ள சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் என்ன? தண்ணீர். ஒரு நாளில் வாளிக்கணக்கில் வரும். அதற்கு வடிகுழாய் போட வேண்டும், சரிவு பார்க்க வேண்டும், குளிர் படுகிற இடத்தில் சூடேற்றும் வயர் சுற்ற வேண்டும். அந்தக் குழாய் உறைந்தால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும், இரவு இரண்டு மணிக்கு என் போன் அடிக்கும். புகை வெளியே போகிற வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான தளம் போட்ட நடைபாதைக்கு மேலே முடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விதி. ஏன்? சொட்டும், உறையும், ஒருவர் விழுவார்.

அந்த ஒருவர் நான்தான். நான்கு வருடம் முன்னால், வேறு யாரோ விதியைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போன குழாய். சந்துக்குள் டூல்பேக்கோடு நடந்துபோனவன், குழாய்க்கு அடியில் ஒரு முறம் அளவு பனி இருப்பதைப் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்கு நானே முதலாளி என்பதால் அந்த ஆறு வாரமும் சம்பளம் கிடையாது. இன்றைக்கும் மைனஸ் 20க்குக் கீழே போனால் வானிலை அறிக்கைக்கு முன்னால் என் மணிக்கட்டு சொல்லிவிடும்.

வீட்டுத் தண்ணீருக்கு விதி உண்டு. ரோட்டுத் தண்ணீருக்கும் கேளுங்கள் என்றால் நான் வளர்ச்சிக்கு எதிரியாம்! செய்ய முடியாத காரியமா கேட்கிறேன்? ஃபியூவல் செல்லில் ஹைட்ரஜனின் சக்தியில் பாதிக்குப் பக்கம் சூடாகத்தான் வெளியேறுகிறது. அதில் கொஞ்சத்தைத் திருப்பி ஒரு சின்னத் தொட்டியைச் சுற்றி ஓடவிடுங்கள். நிறுத்தத்திலும் சிக்னலிலும் சொட்டாமல் பிடித்துவைத்து, டெப்போவில் வடிகாலில் விடுங்கள். பேருந்துக்குத்தான் டெப்போ இருக்கிறதே, தினமும் இரவு அங்கேதானே போகிறது. கூடுதல் எடைதான், கூடுதல் செலவுதான். மைனஸ் 30ல் அந்தச் சூட்டைப் பயணிகளுக்கும் பங்கு போட வேண்டும் என்பதும் தெரியும். அதைத்தான் உட்கார்ந்து பேசுவோம் என்கிறேன்.

"பேட்டரி கார் வாங்கிட்டுப் போங்க, தண்ணியே வராது" என்று ஒருவர். நல்ல யோசனை. 2024 ஜனவரி 13 அன்று கடுங்குளிரில் மின்சாரம் பற்றாமல், தேவையில்லாததை அணையுங்கள் என்று ஆல்பர்ட்டா முழுக்க எல்லார் போனும் அலறிய மாலையில் நானும் இங்கேதான் இருந்தேன். அது வேறு சண்டை, இன்னொரு நாள் போடலாம்.

"இருப்பதே நாலு ஹைட்ரஜன் வண்டி, அதுக்குள்ள என்ன அவசரம்?" நாலாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும்! நாலாயிரம் ஆன பிறகு கேட்டால் "இப்போ வந்து சொல்றியே" என்பீர்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கனடாவின் மேற்கே விஸ்லரில் இருபது ஹைட்ரஜன் பேருந்து விட்டார்கள். ஹைட்ரஜன் நாட்டின் அந்தக் கோடியிலிருக்கும் கியூபெக்கிலிருந்து லாரியில் வந்தது. 2014ல் மூடிவிட்டார்கள். கேள்விகளை முன்கூட்டியே கேட்காமல் வெறும் படம் எடுத்துக்கொண்டால் கதை அங்கேதான் போய் நிற்கும். லடாக்கின் லேவில், 11,500 அடி உயரத்தில், மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசி ஐந்து ஹைட்ரஜன் பேருந்துகளை இறக்கியிருக்கிறது. செய்து கொடுத்தது நம்ம சென்னை அசோக் லேலண்ட். எனக்கு அதில் பெருமை இல்லையென்றா நினைக்கிறீர்கள்? காணொளி எடுக்கிற தம்பி ஒரு ஜனவரியில் லேவுக்குப் போய், பேருந்து நிறுத்தத்தில் நின்று, டம்ளரைப் பிடிக்கட்டும். டிக்கெட் காசை நான் தருகிறேன். பெட்ரோல் கம்பெனி கொடுத்த பணம் சும்மாதானே இருக்கிறது.

"நீ என்ன இன்ஜினியரா?" இல்லை. நான் ஐடிஐ. அதை ஒளித்ததும் இல்லை. கேள்வி கேட்பதற்கு எந்தப் படிப்பு வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும், இனி அதைப் பார்த்துவிட்டு வாய் திறக்கிறேன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. முப்பதாவது கமெண்டோ என்னவோ, ஒருவர் எழுதியிருந்தார்: "தண்ணி இல்லாத ராம்நாட்டுல இருந்து போனவன், தண்ணி வருதேன்னு அழுவுறான் பாரு."

ஆமாம், ராமநாதபுரம் பக்கம்தான். முதுகுளத்தூர் தாண்டி. என் அம்மா இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடம் சுமந்தவள். ஊற்றில் சிரட்டையால் கோதிக் கோதி ஊற்றி ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். தண்ணீரை எங்கே வைக்க வேண்டும், எங்கே சிந்தக் கூடாது என்பதை ஒரு நாளும் நான் விளையாட்டாகப் பார்த்ததில்லை. சிந்தினால் அடி விழும். அந்தக் கமெண்டுக்கு லைக் போட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் என் மாப்ள பெயர் இருந்தது. பத்தாவது வரை என்னோடு படித்தவன். என் சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, நான் மிதிக்க, பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்தவன்.

வேடிக்கைக்குப் போட்டிருப்பான். படிக்காமலே கூடப் போட்டிருப்பான்.

நாளைக் காலை மைனஸ் 27 என்கிறார்கள். மில் வுட்ஸில் ஒரு வீட்டில் வடிகுழாய் உறைந்து ஃபர்னஸ் நின்றுவிட்டதாம், சின்னக் குழந்தை இருக்கிறதாம், ஆறரைக்குப் போக வேண்டும். கமெண்டில் யார் என்ன போட்டாலும் மாலை வரை பார்க்க மாட்டேன். மாப்ள, அந்த லைக்கை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்.