பூட்டுப் படம் எதைச் சொல்கிறது?

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அது அசல் தளம், தைரியமாகப் பணம் கட்டலாம் என்று மேலே ஓர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அது அப்படி இல்லை அண்ணே. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது, பூட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். மறுமுனையில் இருப்பது யார் என்று அது சொல்லாது. மார்த்தாண்டத்தில் என் சித்திக்கு ‘இன்று இரவு கரண்ட் கட்’ என்று வந்த போலி லிங்கிலும் பூட்டு இருந்தது. நல்லவேளை, பணம் கட்டும் முன் என்னிடம் காட்டினார்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, பூட்டு வருவதற்குத் தளத்துக்கு வேண்டிய டிஜிட்டல் சான்றிதழை 2015 முதல் இலவசமாகவே தருகிறது. ஏமாற்றுகிறவனுக்கும் சில நிமிடத்தில் கிடைத்துவிடும். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுள் 2023இல் குரோமில் பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

நீங்களே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் அந்தச் சின்னத்தை அழுத்திச் சான்றிதழைத் திறந்தால், பெரும்பாலும் தளத்தின் முகவரிதான் இருக்கும், நடத்துகிறவர் பெயர் இருக்காது. அதனால் முகவரியைத்தான் படிக்க வேண்டும்: முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் எப்படி முடிகிறது என்று. தமிழக அரசு முகவரி போல ‘டிஎன்.கவ்.இன்’ (tn.gov.in) என்று தொடங்கி ‘டாட் டாப்’ (.top) என்று முடிந்தால் அது அரசுத் தளம் இல்லை.