ஒரு தங்கப் பதக்கத்தோடு கட்டுரையை முடிக்கலாமா?

அமெரிக்க மல்யுத்த வீரர் டேன் கேபிள் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 1972 மியூனிக் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தோடு நிறுத்திவிட்டீர்களே! அதற்குப் பிறகுதானே கதையே சூடு பிடிக்கிறது.

முதலில் மியூனிக்குக்கு முன்பு நடந்ததைப் பார்ப்போம். பள்ளியிலும் கல்லூரியிலும் தோல்வியே அறியாமல் வந்தவர், 1970-இல் கல்லூரி வாழ்க்கையின் கடைசிப் போட்டியில் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றார். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே ஓவிங்ஸ் உடல் எடையைக் குறைத்து அவருடைய எடைப் பிரிவுக்கு இறங்கி வந்தவர். எதிராளிக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்ன! 1972 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் அதே ஓவிங்ஸைச் சாய்த்துவிட்டுத்தான் கேபிள் மியூனிக் போனார். அங்கே தலையில் தையலோடு ஆடியும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, பயிற்சியாளராக? அயோவா பல்கலைக்கழகத்துக்கு கல்லூரி மல்யுத்தத்தில் 15 தேசியப் பட்டங்கள். அதில் 1978 முதல் 1986 வரை தொடர்ந்து ஒன்பது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். அயோவாவில் அவரிடம் பயின்ற பானக் இரட்டையர் இருவருமே தங்கம் வென்றார்கள். சோவியத் அணி அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டதே என்று சிலர் இழுப்பார்கள், அதிலும் நியாயம் உண்டு.

எனக்குப் பிடித்தது 1997. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு பாய் ஓரத்தில் நின்று அணியை நடத்தினார். அந்த ஆண்டும் பட்டம் அயோவாவுக்கே, 170 புள்ளிகளோடு. அடுத்த பாகம் எழுதினால் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.