வீடியோ வரவில்லையா? முதலில் அந்த நம்பரைப் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி பாளையங்கோட்டையில் என் வீட்டைத் தேடி வந்தான். காலேஜ் படிக்கிற பையன். தோளில் தொங்கிய பையைத் திறந்தால், பழைய துண்டில் சுற்றி ஒரு ஐந்து இன்ச் எஃப்பிவி டிரோன் (அதன் கேமரா பார்ப்பதை நேரலையில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற வகை), பக்கத்தில் அந்தப் படத்தைக் கண்ணுக்கு முன் காட்டும் காகிள்ஸ். "அண்ணாச்சி, படமே வர மாட்டுக்கு. கடையில காட்டினேன். ஏர் யூனிட் போயிட்டு, புதுசுதான் போடணும்னு சொல்லிட்டாவ. 28,000 ஆகுமாம்" என்றான். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. பகுதி நேரமாக வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது அது. ஏர் யூனிட் என்பது டிரோனிலிருந்து காகிள்ஸுக்குப் படத்தை அனுப்புகிற பெட்டி.

"வெர்ஷன் என்னடே?" என்று கேட்டேன்.

"எந்த வெர்ஷன் அண்ணாச்சி?"

நான் கேட்டது கருவிக்குள்ளேயே ஓடுகிற மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பு நம்பரை. அவனுக்குத் தெரியாததில் எனக்கு வருத்தமில்லை. யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும். ஆனால் செக் பண்ண என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்ட கடையிலும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. லேப்டாப்பில் ஒரு முறை போட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கோபம்தான்.

திண்ணையில் உட்கார்ந்தோம். முதலில் புரொப்பெல்லர் நான்கையும் கழற்றினோம். ஆன்டெனா சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தோம். ஆன்டெனா இல்லாமல் டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் கொடுத்தால் அப்போதுதான் நிஜமாகவே போர்டு போகும். அப்புறம் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து டிரோனுக்கு நேராக வைத்தேன். பையன் வினோதமாகப் பார்த்தான். பறக்கும்போது காற்று பட்டுக் குளிர்கிற பெட்டி அந்த ஏர் யூனிட். நம் ஊர் வெயிலில் மேஜை மேல் சும்மா ஓடவிட்டால் சில நிமிடத்தில் தொட முடியாத சூடு வந்துவிடும். அப்டேட் நடுவில் அது சூட்டில் அணைந்துபோனால் வேறு தலைவலி.

யுஎஸ்பி வயரைச் சொருகி லேப்டாப்பில் அதற்கான மென்பொருளைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஏர் யூனிட்டில் பெட்டியிலிருந்து வந்த நாளின் வெர்ஷன் அப்படியே இருக்கிறது. காகிள்ஸை அவன் தூத்துக்குடியில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். அவர் ஒழுங்காக அப்டேட் செய்து வைத்திருந்தவர். ஒன்று பழைய பாஷை பேசுகிறது, மற்றது புதிய பாஷை பேசுகிறது. இரண்டும் நல்ல பொருள்தான், ஒன்றுக்கொன்று புரியவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஏர் யூனிட்டை அப்டேட் செய்து, லிங்க் பட்டனை அழுத்தி இரண்டையும் மறுபடி சேர்த்தோம். காகிள்ஸை மாட்டிக்கொண்டு டிரோனைக் கையில் தூக்கி வாசல் பக்கம் திருப்பினான். முருங்கை மரம், மொட்டை மாடிப் படி, கூழ்வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த எங்க அம்மா. "ஆச்சி தெரியுதாவ அண்ணாச்சி!" என்று கத்தினான்.

நான் கல்யாணம், கோயில் விழா, வயல், ஆறு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன். எனக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. சில வருஷத்துக்கு முன், பிசானப் பருவ நெல் நடவு சமயம், சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயல். நடவைத் தாழப் பறந்து எடுத்துத் தரச் சொல்லி ஒரு பெரியவர் கூப்பிட்டிருந்தார். முந்தின ராத்திரி காகிள்ஸில் அப்டேட் கேட்டது, போட்டேன். ஏர் யூனிட்டை மறந்துவிட்டேன். காலை ஆறரைக்கு வரப்பில் நின்று கண்ணில் மாட்டினால் இரண்டின் வெர்ஷனும் பொருந்தவில்லை என்கிற எச்சரிக்கை மட்டும்தான் தெரிகிறது, படம் இல்லை. லேப்டாப் வீட்டில். போனில் சிக்னல் ஒரு கோடு. பத்துப் பதினைந்து பெண்கள் சேற்றில் இறங்கி நிற்கிறார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பறிச்ச நாத்து காத்துக் கிடக்காதுல்லா தம்பி" என்று சொல்லி வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். கோபமே இல்லாமல் சொன்னார். நான் லேப்டாப்போடு திரும்பி வந்தபோது முக்கால் வயல் நட்டு முடிந்திருந்தது. அந்த வருஷ நடவு அந்த வருஷத்தோடு போயிற்று.

அதனால் இதில் என் கருத்து உறுதியானது. வெர்ஷனைப் பார்ப்பது வேறு, அப்டேட் செய்வது வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு சாரார், அப்டேட் வந்தால் உடனே போடு என்கிறார்கள். இன்னொரு சாரார், ஓடுகிற வண்டியை நோண்டாதே என்கிறார்கள். இரண்டாவது கட்சியில் நியாயம் இருக்கிறது. எல்லா அப்டேட்டுக்கும் பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழி இருக்காது. ஆனால் நோண்டாமல் இருப்பதற்கும் என்ன நம்பர் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமே! பார்ப்பதை ஒவ்வொரு வேலைக்கும் முந்தின நாள் செய்யுங்கள், இரண்டு நிமிஷம். அப்டேட்டை வேலை இல்லாத நாளில், வீட்டில், எல்லாக் கருவிக்கும் ஒரே உட்காரலில் செய்யுங்கள். செய்ததும் திறந்த வெளியில் ஒரு பேட்டரி பறக்கவிட்டுப் பாருங்கள். முகூர்த்த நாள் காலையில் மண்டப வாசலில் நின்று "அப்டேட் கேக்குது, ஓகே கொடுத்துட்டேன்" என்று சொல்கிறவனைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

எங்கே பார்ப்பது? டிஜேஐ கம்பெனி காகிள்ஸ் வைத்திருக்கிறவர்கள் செட்டிங்ஸ் மெனுவில் கடைசியில் இருக்கும் அபவுட் பக்கத்துக்குப் போங்கள். காகிள்ஸின் நம்பரும் லிங்க் ஆகியிருக்கிற ஏர் யூனிட்டின் நம்பரும் அங்கே இருக்கும். லிங்க் ஆகவில்லை என்றால் ஏர் யூனிட்டின் நம்பர் காகிள்ஸுக்குத் தெரிய வழியில்லை. அப்போது யுஎஸ்பி வயர் போட்டு டிஜேஐ அசிஸ்டன்ட் 2 மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். நம்பர் இரண்டு இலக்கம், புள்ளி, இரண்டு இலக்கம், புள்ளி, நான்கு இலக்கம் என்று வரும். பலர் முன்பாதியை மட்டும் படித்துவிட்டு "அதே வெர்ஷன்தான்" என்கிறார்கள். வித்தியாசம் கடைசி நான்கில் ஒளிந்திருக்கும். முழுவதையும் படியுங்கள். வாக்ஸ்னெயில் அவதார் என்கிற இன்னொரு டிஜிட்டல் வீடியோ செட் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதைதான், காகிள்ஸும் விடிஎக்ஸும் (டிரோனில் இருக்கிற வீடியோ டிரான்ஸ்மிட்டர்) ஒரே வெர்ஷனில் இருந்தாக வேண்டும்.

கல்யாணத்துக்கு மடக்கு டிரோன் வைத்திருக்கிற தம்பிகளே, உங்களுக்கு ஒன்று. டிரோனையும் ரிமோட்டையும் அப்டேட் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பல மாடல்களில் பேட்டரிக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு. மூன்று பேட்டரி இருந்தால் மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

டிஜிட்டல் இல்லாத பழைய வகை அனலாக் விடிஎக்ஸ் பறக்கவிடுகிற பையன்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்கலாம். உண்டு. டிரோனைக் கட்டுப்படுத்தும் போர்டான ஃபிளைட் கன்ட்ரோலரில் ஓடுகிற ஃபர்ம்வேர் பீட்டாஃபிளைட். அதன் 4.1-லிருந்து விடிஎக்ஸின் சேனலும் பவரும் விடிஎக்ஸ் டேபிள் என்கிற அட்டவணையை வைத்துத்தான் நடக்கிறது. ஃபிளைட் கன்ட்ரோலரைப் புதிதாக ஃபிளாஷ் செய்தால், அதாவது ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றினால், அந்த அட்டவணை காலியாகிவிடும். அப்புறம் ரிமோட்டிலிருந்து சேனல் மாற்ற முடியாது, பவர் ஏறாது. ஐம்பது மீட்டரில் படம் பொரிய ஆரம்பித்ததும் விடிஎக்ஸ் பழுது என்று தூக்கிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபிளாஷ் செய்வதற்கு முன்னால் சிஎல்ஐ-யில் (கட்டளை அடிக்கிற பக்கம்) version என்று அடித்து வருவதையும், diff all என்று அடித்து வருவதையும் ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். ரிமோட்டில் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் என்கிற ரேடியோ இணைப்பு வைத்திருந்தால் ரிமோட் மாட்யூலுக்கும் டிரோனில் இருக்கிற ரிசீவருக்கும் வெர்ஷனின் முதல் எண்ணாவது ஒத்துப்போக வேண்டும்; 2-ம் 3-ம் சேராது.

இந்த வெர்ஷன் பொருந்தாத பிரச்சினை நம் பக்கம் இவ்வளவு தலைதூக்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் ஒருவர் காகிள்ஸ், இன்னொருவர் ஏர் யூனிட், மூன்றாமவர் ஃபிரேம் என்று கைமாறிக் கைமாறித்தான் ஒரு செட் உருவாகிறது. ஒவ்வொன்றும் வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளை. செகண்ட் ஹேண்டில் விற்கிறவர்கள் கீறல் இருக்கிறதா, எத்தனை பேட்டரி என்றெல்லாம் எழுதுகிறார்கள். அபவுட் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் என்ன? வாங்குகிறவர்களும் கேளுங்கள். காட்டத் தயங்குகிற ஆளிடம் நான் வாங்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்டேட் செய்த கருவி எழும்புகிறது என்பதற்காக அந்த இடத்தில் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் இருக்கின்றன. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலம் (முன் அனுமதி கேட்க வேண்டாத பகுதி) என்று பார்த்த பிறகே, அதுவும் 120 மீட்டருக்குள், சோதனைப் பறப்புக்குப் போங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையைச் சும்மா ஒரு ரவுண்டு எடுப்போம் என்று போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கிற கடைக்காரர்களுக்கும் மரியாதையோடு ஒரு வேண்டுகோள். நீங்கள் எங்களைவிட அனுபவசாலிகள். ஒரு பையன் டிரோனைக் கொண்டுவந்து வைத்தால் ரசீதில் பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே காகிள்ஸ் வெர்ஷன், ஏர் யூனிட் வெர்ஷன் என்று இரண்டு வரி எழுதுங்கள். போர்டைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அந்த இரண்டு வரியைப் பாருங்கள். ஒரு பையனுக்கு 28,000 ரூபாய் மிச்சமாகும். அவன் நாலு பேரை உங்களிடமே கூட்டி வருவான்.

என் கேமரா பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, கருவி, வெர்ஷன், எதற்காக மாற்றினேன் என்று நாலு பத்தி. ஏர் யூனிட்டின் அடியில் காகித டேப் ஒட்டி, கடைசி நாலு இலக்கத்தைப் பேனாவில் எழுதியிருக்கிறேன். அந்தத் தம்பி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் அவன் நோட்டின் முதல் பக்கம் வந்தது. காகிள்ஸ், ஏர் யூனிட், ஃபிளைட் கன்ட்ரோலர், மூன்று வரி. கடைசி நாலு இலக்கத்தின் கீழே சிவப்பு மையில் கோடு.

கடையில் கொடுத்த அந்த 500 ரூபாயைத் திருப்பிக் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். சனிக்கிழமை நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.