வண்டியை நிறுத்திய பிறகுதான் ஆபத்து

வண்டியை ஸ்டாண்டில் விட்டு, டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் வரை நடக்கிற அந்தச் சிறிது தூரத்தில்தான் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. வேலூர் ஆற்காடு சாலையில் காலை ஒன்பது மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். நடைபாதை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது சாக்கடை மேல் போட்ட சிலாப். ஒன்று உடைந்து துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்ததை ஒரு கடையின் விளம்பரப் பலகை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கப்பால் வரிசையாக பைக்குகள். சாலையில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஆட்டோ ஹாரன் அலறுகிறது, ஏதோ நாம்தான் அத்துமீறி நுழைந்துவிட்டதைப் போல!

எங்களைவிடப் பாவம், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள். கட்டுப்போட்ட காலோடு, ஸ்கேன் உறையைப் பிடித்துக்கொண்டு, லாரிக்கும் பைக்குக்கும் நடுவே ஒதுங்க இடமின்றி நிற்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று, சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-லேயே வரையறுத்துவிட்டது. நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் சொல்லிவிட்டது. இன்னும் யார் சொல்ல வேண்டும்?

மேம்பாலம் கேட்கவில்லை. உடைந்த சிலாப்பை மாற்றுங்கள், பலகையை அகற்றுங்கள், ஸ்டாண்டு வாசலில் ஒரு விளக்குப் போடுங்கள். இரவுப் பணி முடிந்து வரும் பெண்கள் கைபேசி வெளிச்சத்தில் தடவித் தடவி வண்டியைத் தேடுகிறார்கள்.