மூன்று போல்ட், பன்னிரண்டு நிமிடம்: அதுகூடவா முடியாது?

என் மேசையில் ஒரு இரும்பு போல்ட் கிடக்கிறது. மரை முழுக்க வெள்ளைப் பொடி அப்பியிருக்கிறது, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அந்தப் பொடி என் வண்டியின் எஞ்சின் பிளாக், அதாவது சிலிண்டர்களைத் தாங்கும் எஞ்சினின் உடம்பு. மக்னீசியம் அரித்து அரித்துப் பொடியாகி வந்திருக்கிறது. இந்த போல்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், 2008 மாடல் 325i, இரண்டாம் கையாக வாங்கியது. உள்ளே இருப்பது பி.எம்.டபிள்யூவின் என்52 எஞ்சின். வரிசையாக ஆறு சிலிண்டர், 2,497 சிசி, டர்போ கிடையாது, 218 குதிரைத்திறன். 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) 2,750 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் ஒரு பிஸ்டனின் அசைவை இன்னொன்று சமன் செய்துவிடும், அதிர்வு என்பதே தெரியாது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கும். 2007 மார்ச்சில் மறைமலைநகருக்கு அந்தப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை தொடங்கியது. 3 சீரிஸ் அங்கேதான் பூட்டப்பட்டது. நம் ஊரில் பூட்டிய வண்டியைச் சரியாகக் கழற்றி மாட்ட நம் ஊரில் ஆள் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

இந்த எஞ்சினை 2004இல் கொண்டுவந்தபோது எடையைக் குறைக்க ஒரு பெரிய வேலை செய்தார்கள். பிஸ்டன் ஓடும் உள்பகுதி அலுமினியமும் சிலிக்கானும் கலந்தது. அதைச் சுற்றி மக்னீசியத்தை வார்த்தார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் அலுமினியத்துக்குள்ளேயே ஓடும், மக்னீசியத்தைத் தொடாது. இதே வகையில் பெரியதான மூன்று லிட்டர் எஞ்சினே 161 கிலோதான் வந்தது. ஆனால் மக்னீசியத்துக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு போல்ட்டை அதில் முறுக்கி, கொஞ்சம் ஈரமும் பட்டால், இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும், மக்னீசியம்தான் கரையும். அதனால்தான் இந்த எஞ்சினில் அலுமினிய போல்ட். தலையில் நீலச் சாயம் பூசி அடையாளம் வைத்திருப்பார்கள். ஒருமுறை முறுக்கினால் அந்த போல்ட் நீண்டுவிடும், கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். முதலில் டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இவ்வளவு, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று கணக்கு இருக்கிறது. இது ரகசியமா? சர்வீஸ் மேனுவலில் அச்சடித்தே இருக்கிறதே!

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

என்52இல் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடாது, மின்மோட்டாரில் ஓடும். எஞ்சின் வேகம் என்னவானாலும் தேவைக்கு ஏற்றபடி கூலன்ட்டைச் சுற்றவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஆயுசு உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி, பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுபோகும். இந்த வண்டி டயலில் டெம்பரேச்சர் முள்ளும் இல்லை, எச்சரிக்கை விளக்குதான். என் பம்ப் 1,12,000 கிலோமீட்டரில் நின்றது. உழைத்துத் தேய்ந்த பம்ப், அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. புதுப் பம்ப்பும், சூட்டுக்கு ஏற்றபடி கூலன்ட்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து வாங்கி, கோவையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். வெளிநாட்டு வண்டிகளுக்கென்றே நடத்துகிற இடம், டைல்ஸ் போட்ட தரை, வாசலில் பெரிய போர்டு. "மூணு போல்ட் வேலை சார், சாயங்காலம் வாங்க" என்றார் அந்த மெக்கானிக்.

மூன்று போல்ட். ஆமாம், பம்ப்பைப் பிளாக்கில் பிடித்திருப்பது மூன்றே போல்ட். பழைய மூன்றையும் கழற்றி, அதையே துடைத்து, கைக் கணக்கில் முறுக்கியிருக்கிறார்கள். ஒன்று உள்ளே முறிந்துவிட்டது. முறிந்தால் என்ன செய்ய வேண்டும்? என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு, டிரில் போட்டு, துளையைப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, டப்பாவில் கிடந்த ஏதோ ஒரு இரும்பு போல்ட்டை ஏற்றிவிட்டார்கள். பில்லில் இது எதுவும் இல்லை. "பம்ப் மாற்றிய கூலி" என்று ஒரே வரி.

இது தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். நாலாம் நாள் சேலம் போகும்போது சங்ககிரி தாண்டியதும் மஞ்சள் விளக்கு, உடனே சிவப்பு. ஓரங்கட்டி அணைத்துவிட்டேன். பின் சீட்டில் அம்மா. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு புளியமர நிழலில் அவரை உட்காரவைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "ஏர் இருக்கும் சார், மூடியைத் திறந்து தண்ணி ஊத்தி ரேஸ் பண்ணுங்க" என்கிறார். கொதிக்கிற எஞ்சினின் மூடியைத் திறக்கச் சொல்கிறார்! திறந்திருந்தால் என் முகம் என்ன ஆகியிருக்கும்?

காற்று இருந்தது உண்மைதான். ஏன் இருந்தது? இந்த எஞ்சினில் காற்றை வெளியேற்ற ஒரு முறை இருக்கிறது, அதைச் செய்யவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டு. இக்னிஷனை மட்டும் போடு. ஹீட்டரை உச்சத்தில் வை, காற்றைக் குறைந்தபட்சத்தில் வை. ஆக்சிலரேட்டரைத் தரையோடு பத்து விநாடி அழுத்து. பம்ப் தானாக ஓட ஆரம்பிக்கும். கிட்டத்தட்ட 12 நிமிடம் ஓடிவிட்டுத் தானே நிற்கும். பிறகு கூலன்ட் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டியதுதான். வண்டியை டோ போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை நானே செய்தேன். பானெட்டுக்குக் கீழே குனிந்து நின்றேன். மெல்லிய ரீங்காரம், நடுநடுவே குழாய்க்குள் களக் களக் என்று சத்தம், டேங்கில் குமிழி குமிழியாகக் காற்று. எட்டாவது நிமிடம் போலக் குமிழி நின்றது, பம்ப்பின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா? இந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகவா என் அம்மா நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்?

டேங்கிலிருந்து வடித்தது கூலன்ட்கூட இல்லை. நிறமே இல்லாத போர்வெல் தண்ணீர். கொடுத்த கூலன்ட் கேன் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குப் பதில் இல்லை.

எட்டு மாதம் கழித்துப் பம்ப் பக்கத்தில் சொட்டு விழ ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் இந்த இரும்பு போல்ட் கைக்கு வந்தது. சிங்காநல்லூரில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவர் அந்தத் துளைக்கு அலுமினியத்தில் புஷ் கடைந்து ஏற்றி, பழைய அளவில் மரை வெட்டிக் கொடுத்தார். அவர் அதுவரை இந்த எஞ்சினைத் தொட்டதே இல்லை. தொடுவதற்கு முன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன உலோகம் தம்பி?" அந்த ஒரு கேள்வியைப் பெரிய போர்டு வைத்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

பம்ப் மட்டுமா? காலையில் குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓட்டினால் ஹைட்ராலிக் லிஃப்டரில் (எண்ணெய் அழுத்தத்தால் வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) எண்ணெய் சரியாகச் சேராது, அதனால் வருவது. நன்றாகச் சூடேற்றி நீளமாக ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். இதைக் கேட்டுவிட்டு இன்னொருவர், "போர் போயிடுச்சு சார், இறக்கி ஸ்லீவ் போடணும்" என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்டார். அதாவது சிலிண்டர் சுவர் தேய்ந்துவிட்டதாம், எஞ்சினை இறக்கிப் புது உறை போட வேண்டுமாம். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தாரா? இல்லை. காதால் கேட்டு எஞ்சினை இறக்கச் சொல்கிறார்! சிலிக்கான் கலந்த அந்தச் சுவரை இரும்பு பிளாக் மாதிரிக் கடைய முடியாது என்பதாவது அவருக்குத் தெரியுமா?

எண்ணெய் விஷயம் இன்னும் கொடுமை. இந்த வண்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்டிக் கிடையாது. ஃபில்டரோடு 6.5 லிட்டர், அளந்து ஊற்றிவிட்டு, எஞ்சின் சூடான பிறகு மானிட்டரில் அளவு பார்க்க வேண்டும். ஒரு பையன் டிப்ஸ்டிக்கைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, குத்துமதிப்பாக ஊற்றிக்கொண்டே இருந்தான். அவன் மேல் கோபமில்லை, கற்றுக்கொடுக்காத முதலாளி மேல்தான் கோபம்.

எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பர், வால்வ் கவர் கேஸ்கெட், கசிந்து ஸ்பார்க் பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றபோதும் இதே கதைதான். கேஸ்கெட்டை மாற்றாமல் குழியைத் துடைத்து, புதுப் பிளக் போட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் மிஸ்ஃபயர்.

"பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோலா? யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி சார், வித்துடுங்க" என்று எனக்கு அறிவுரை சொல்லாத ஆள் இல்லை. யானை என்ன செய்தது? இதன் நோய்கள் நாலைந்துதான். பம்ப், தெர்மோஸ்டாட், இரண்டு கேஸ்கெட், அந்த டிக் சத்தம். எது எப்போது வரும், எப்படிச் சரிசெய்வது என்று எல்லாம் தெரிந்த நோய். டர்போ கிடையாது, ஹை பிரஷர் பம்ப் கிடையாது, எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினை முறையாக எண்ணெய் மாற்றினாலே காப்பாற்றலாம். இந்த எஞ்சின் தானாகச் சாவதில்லை. படிக்காமல் திறக்கிறவர்கள் கையில்தான் சாகிறது. செத்த பிறகு பழி மட்டும் எஞ்சின் மேல்.

இப்போது ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டின் முறை. அந்த இடத்தில் ஈரம் தெரிகிறது. கையளவுகூட இல்லாத ரப்பர் அது. விட்டால் எண்ணெய் வழிந்து பெல்ட்டில் இறங்கும். ஊறிய பெல்ட் நழுவிப் பிய்ந்து, முன்பக்க கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே நார் நாராக இழுபட்டுப் போகும். அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது. இந்த வாரம் நாலு பட்டறைக்குப் போன் செய்தேன். புது கேஸ்கெட்டும் புது போல்ட்டும் நானே தருகிறேன், டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். மூன்று பேர், "கேஸ்கெட் எதுக்கு சார், கிளீன் பண்ணிட்டு பேஸ்ட் போட்டுடலாம்" என்றார்கள். நாலாவது ஆள் டார்க் ரெஞ்ச் என்ற வார்த்தையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றப் போகிறேன். லேத்துக்காரப் பெரியவர் காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.