முள் இறங்கும்போது

என் மாமனார் போன வாரம் காலமானார். வயது 81. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையிலும் டீக்கடைச் சுவரிலும் பையன்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ‘1971 போர் வீரர்’ என்று சிவப்பு எழுத்தில் பெரிதாகப் போட்டு, பின்னால் பீரங்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலின் படத்தையும் வைத்திருக்கிறார்கள். அது அவர் வேலை பார்த்த கப்பல் இல்லை. அந்தப் போரில் அவர் எந்தப் பீரங்கியையும் தொடவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து கடலே தெரியாது.

அன்போடு ஒட்டிய போஸ்டர்தான், பையன்கள்மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 27 ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் அவருடைய மருமகளாக இருந்தவள் என்ற முறையில், அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பீரங்கிதான் அவருடைய நினைவாக நின்றுவிடும்.

மாமா ஒரு ஸ்டோக்கர். கப்பலை ஓட்டும் நீராவியை உண்டாக்கும் பாய்லர் அறையின் ஆள். 1961இல் பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தார். லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி, பிறகு ஒவ்வொரு கப்பலாக மாறி, கடைசியில் விக்ராந்த். இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1971இல் அந்தக் கப்பலுக்கு ஒரு குறை இருந்தது. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். அதை மூடிவிட்டு மற்ற மூன்றை வைத்துக்கொண்டுதான் போருக்குப் போனார்கள். பாய்லர் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மேல்தளத்திலிருந்து விமானம் எழும்புவது கடினம். இந்த நிலையில் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்று மேலிடத்திலேயே கேள்வி இருந்ததாம். அனுப்பினார்கள். டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின், இன்றைய வங்கதேசத்தின், காக்ஸ் பஜாரைத் தாக்கின, அடுத்து சிட்டகாங்கை.

என் மகள் சின்னவளாக இருந்தபோது, “தாத்தா, விமானம் பறந்ததைப் பார்த்தீர்களா?” என்று கேட்டாள். அவர் சொன்ன பதிலை அன்று முழுதாகப் புரிந்துகொள்ளாமலே கேட்டுக்கொண்டிருந்தேன். விக்ராந்தில் விமானத்தை உந்தி எறிவது நீராவி. மேலே ஒரு விமானம் கிளம்பினால் கீழே பாய்லர் அறையில் அழுத்தமானியின் முள் சட்டென்று இறங்கும். அதை உடனே மேலே ஏற்றிக் கொடுக்க வேண்டும், அடுத்த விமானம் காத்திருக்கும். “நான் விமானத்தைப் பார்த்ததில்லை, கண்ணம்மா. முள் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு தடவை இறங்கினால் ஒரு பையன் கிளம்பிவிட்டான் என்று கணக்கு வைத்துக்கொள்வேன். அவன் திரும்பி வந்தானா என்பது மட்டும் முள்ளில் தெரியாது.” சொல்லும்போது ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, மெல்லச் சாய்த்து, மறுபடி நிமிர்த்திக் காட்டினார். சாம்பார் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று அந்த விரலைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

வெற்றியைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. விக்ராந்தைத் தேடித்தான் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தது. விசாகப்பட்டினத்துக்கு வெளியே 93 பேரோடு அது மூழ்கியது. தொலைக்காட்சியில் அந்தக் கதை வரும்போதெல்லாம் பேரன்கள் கைதட்டுவார்கள். மாமா தட்டமாட்டார். “அதிலும் என்ஜின் அறையில் என்னைப்போல ஒருவன் இருந்திருப்பான்” என்பார், அவ்வளவுதான். டிசம்பர் 9 அன்று மட்டும் இரவு ஒன்பது மணி தாண்டும்வரை சாப்பிடமாட்டார். 1971இல் அதே நாள் இரவு, டையூவுக்கு அப்பால் நம் கடற்படையின் குக்ரி கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கப்பலோடு மூழ்கிய கேப்டன் முல்லாவின் பெயரை நாடு சரியாகவே நினைவில் வைத்திருக்கிறது. அந்த 176 பேரில் ஒருவர் லோனாவ்லாவில் மாமாவுக்குப் பக்கத்துக் கட்டில்காரர். “கீழே இருப்பவனுக்கு மேலே வர ஏணிதான் வழி. அதுவும் நிமிர்ந்து இருந்தால்தான் ஏணி” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த டிசம்பரில் என் கணவர் இரண்டு மாதக் குழந்தை. அத்தை இதே திருவொற்றியூரில் மாமனார் மாமியாரோடு இருந்தார். ‘கப்பல் அஞ்சல் அலுவலகம், பம்பாய்’ என்று முகவரி எழுதிக் கடிதம் போட வேண்டும். கப்பல் எங்கே நிற்கிறது என்று வீட்டுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு கப்பல் மூழ்கியது என்று கேட்ட அன்று, தந்திக்காரரின் சைக்கிள் மணி கேட்டுவிடுமோ என்ற பயத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். தந்தி வரவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோதுதான் அப்பா முகம் பார்த்தார். பதினைந்து ஆண்டு சேவை என்று மாமாவின் சான்றிதழில் இருக்கிறது. அதில் அத்தையின் பங்கு எந்தக் காகிதத்திலும் இல்லை.

போஸ்டரில் வராத இன்னொரு பகுதியும் இருக்கிறது, எனக்கு ஆற்றாமை அதில்தான். 1976இல் அதிகாரிகளுக்குக் கீழ்நிலையான பெட்டி ஆபீசர் பதவியிலிருந்து வெளியே வந்தபோது மாமாவுக்கு வயது 32. கையில் சிறிய பென்ஷன், வீட்டில் மூன்று குழந்தைகள். வேலை தேடிப் போன இரண்டு இடங்களில் அவருடைய காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கேட் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார்கள். வாட்ச்மேன் வேலை குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு போர்க்கப்பலின் பாய்லரைக் காத்தவனிடம் உனக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்காமல், மிடுக்காக சல்யூட் அடிப்பான் என்ற ஒரே காரணத்துக்காக வாசலில் நிறுத்துவது அநியாயம். இன்றும் சென்னையில் அடுக்குமாடி வாசல்களிலும் ஏ.டி.எம். வாசல்களிலும் அப்படி எத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறோம்! அவர்களில் ரேடார் தெரிந்தவர், டீசல் என்ஜின் தெரிந்தவர், காயத்துக்குத் தையல் போடத் தெரிந்தவர் இருக்கக்கூடும். படைக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் நான்கே ஆண்டுகளில் பெரும்பாலான பிள்ளைகள் வெளியே வரப்போகிறார்கள். அவர்களையும் இதே வாசல்களில்தான் உட்காரவைப்போமா?

மாமா உட்காரவில்லை. சான்றிதழ் பெற்ற ஆள் இல்லாமல் தொழிற்சாலையில் பாய்லரை இயக்கக் கூடாது. அந்தத் தேர்வுக்குப் படித்து எழுதித் தேறினார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் 58 வயதுவரை பாய்லர் ஆபரேட்டர். மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்தது அந்தப் பாய்லர். போர் நடந்தது பதின்மூன்று நாள், மணலியில் அவர் நின்றது 26 ஆண்டு. வேலையென்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் நிற்பது.

வீட்டிலும் அப்படியே நின்றார். நான் பிரசவித்து வந்தபோது தாய்வீடு போக எனக்கு அம்மா இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி. மூன்றாம் நாள் இரவு குழந்தை வீறிட, நானும் அழுதுகொண்டிருந்தேன். மாமா வந்து கதவருகில் நின்றார். “அம்மா, கப்பலில் இரவை நாலு நாலு மணியாகப் பிரிப்போம். எட்டிலிருந்து பன்னிரண்டு உன் புருஷன். பன்னிரண்டிலிருந்து நாலு நான். நாலுக்கு மேல் நீ பார்த்துக்கொள். பாலுக்கு மட்டும் எழுப்புகிறேன்” என்றார். அந்தப் பன்னிரண்டு மணி வாட்ச்தான் கப்பலில் யாருக்கும் பிடிக்காதது என்று பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டு மாதம், ஒரு நாள்கூடத் தவறவில்லை. கைலியை மடித்துக் கட்டி, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பார். காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே நான் தூங்கியிருக்கிறேன்.

2022 செப்டம்பரில் கொச்சியில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பழைய கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதியதில் பாய்லர் இல்லை, கேஸ் டர்பைன்தான். நீராவியால் உந்தவும் வேண்டாம், வளைந்து ஏறும் மேல்தளத்தில் ஓடியே விமானம் எழும்பிவிடும் என்று பேரன் படித்துச் சொன்னான். வருத்தப்படுவாரோ என்று பார்த்தேன். “நல்லதாயிற்று. இனிமேல் கீழே யாரும் வேக வேண்டாம்” என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய நீல ஃபைலைத் திறந்தோம். குடும்ப ஓய்வூதியத்துக்கு வேண்டிய எல்லாம் வரிசையாக இருந்தன. சேவைக் காகிதத்தில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று அத்தையின் பெயர் குழம்பிக் கிடந்ததை, இரண்டு ஆண்டு அலைந்து அவரே திருத்தி வைத்திருக்கிறார். முன்னாள் படைவீரர் இருக்கும் வீடுகளில் இதை இன்றே பார்த்துவிடுங்கள். அவர் போன பிறகு இதற்காக அலைகிற பெண்கள் நிறைய.

கடைசித் தாள் அவர் கையெழுத்து. வங்கி, கேஸ், வீட்டு வரி என்று எழுதிக்கொண்டே போய், அடியில் ஒரு வரி: “இரவு 12 மணிக்குமேல் உங்கள் அம்மா எழுந்திருப்பாள். விளக்குப் போட்டுக் கையைப் பிடிக்க வேண்டும். இதுவரை நான் பார்த்தேன். இனி யார் என்று பேசி முடிவு செய்யுங்கள்.”

பேசினோம். எட்டிலிருந்து பன்னிரண்டு என் கணவர். நாலுக்கு மேல் பேத்தி. நடுவில் இருப்பதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது மணி இரண்டே கால். அத்தை அசைகிறார், போய்ப் பார்க்கிறேன்.