எம்ஆர்ஐயில் இது தெரியாது

மறதி நோயைக் (அல்சைமர்) காட்டும் மூளை ஸ்கேன்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பது பெட் ஸ்கேனில் தெரிந்துவிட்டால் அந்த நோய் உறுதி என்பதுபோல் அது முடிகிறது. இந்த முடிவு சரியில்லை. நல்ல ஞாபகசக்தியோடு நடமாடும் முதியவர்கள் பலரின் மூளையிலும் இந்தப் படிவு இருக்கிறது. அது சேரத் தொடங்கிப் பல வருடங்கள் கழித்துத்தான் அறிகுறிகளே தலைகாட்டும். டௌ என்ற இன்னொரு புரதத்தின் கதை வேறு. நரம்பணுவுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு கிடக்கும் அது எந்தப் பகுதியில் பரவுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பகுதி செய்கிற வேலைதான் தடுமாறும். நினைவுச் சரிவோடு நெருக்கமாகப் பொருந்துவது டௌவைக் காட்டும் பெட் ஸ்கேன்தான். கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வரி!

அப்புறம், வழக்கமாக எடுக்கும் எம்ஆர்ஐயில் இந்தப் புரதங்கள் தெரியாது, மூளை சுருங்கியிருப்பதுதான் தெரியும். என் மாமியாருக்கு எடுத்தபோது "வயசுக்கேத்த சுருக்கம்" என்றார்கள். அப்போதே அவர் காபிப்பொடி டப்பாவை பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண் திருடிவிட்டாள் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

பெட் ஸ்கேனில் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது புரதத்தில் போய் ஒட்டிக்கொள்வதைப் படம் பிடிக்கிறார்கள். அமிலாய்டைக் காட்டுவதில் பேர்வாங்கிய 'பிட்ஸ்பர்க்' என்ற மருந்தை 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில்தான் முதலில் நோயாளிக்குச் செலுத்தினார்கள். அதிலுள்ள கார்பன்-11 என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இல்லையென்றால் கதை முடிந்தது. பிறகு வந்த மருந்துகளில் உள்ள புளோரின்-18 பாதியாக 110 நிமிடம் ஆகும், அதனால் அடுத்த ஊருக்குக்கூட வண்டியில் அனுப்பலாம்.